ஐந்து நட்சத்திரப் பையன் காலேஜுக்கு வருவானா? ரெக்ரூட்டிங் பட்டியலைப் படிக்கும் முறை

அமெரிக்கக் காலேஜ் கூடைப்பந்தைப் பின்தொடர ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நவம்பரில் புதிதாகச் சேரப்போகும் பையன்களின் பட்டியல் வரும், நமக்குப் பிடித்த அணியின் பெயருக்கு நேரே ஒரு ஐந்து நட்சத்திர வீரன் (பள்ளி வீரர்களைத் தரம்பிரிப்பவர்கள் கொடுக்கும் உச்ச மதிப்பீடு) இருப்பான், அடுத்த சீசன் நம்முடையதுதான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவோம். ஏப்ரலில் அதே பையன் காலேஜே வேண்டாம், நேரே சம்பளத்துக்கு ஆடப்போகிறேன் என்று இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுவான். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. அதனால் ஒரு பெயரைப் பட்டியலில் பார்த்ததும் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று பல வருஷமாகப் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். பிளஸ் டூ முடிக்கும் அந்தப் பையனுக்கு அடுத்த ஒரு வருஷத்துக்கு வேறு யார் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் பிறந்த தேதி

அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் விதிப்படி, அமெரிக்காவில் பள்ளி முடித்த ஒருவர் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வுக்கு, வர வேண்டுமானால் அந்தக் காலண்டர் வருஷத்துக்குள் அவருக்கு 19 வயது ஆக வேண்டும், அவருடைய பள்ளி வகுப்பு முடிந்து குறைந்தது ஒரு என்.பி.ஏ. சீசனாவது கடந்திருக்க வேண்டும். 2005இல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் வந்த விதி இது, 2006 டிராஃப்டில் இருந்து அமலில் இருக்கிறது, 2023இல் போட்ட புதிய ஒப்பந்தத்திலும் அப்படியே தொடர்கிறது. பள்ளிக்கும் என்.பி.ஏ.வுக்கும் நடுவே ஒரு வருஷம் காலியாகக் கிடக்கிறது, அதை யார் நிரப்புவது என்பதில்தான் இந்தப் போட்டி முழுவதும்.

அதனால் பெயரைப் பார்த்த உடனே பிறந்த தேதியைத் தேடுங்கள். கூப்பர் ஃப்ளாக் பிறந்தது 2006 டிசம்பர் 21. பள்ளிப் படிப்பை ஒரு வருஷம் முன்னதாகவே முடித்துக்கொண்டு 2024இல் டியூக் காலேஜில் சேர்ந்தார், ஒரே சீசன் ஆடினார், 2025 டிராஃப்டில் டல்லாஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. பதினோரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அவர் 2026 வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அப்போது அவர் பள்ளியை முன்கூட்டி முடித்திருப்பாரா என்பதே சந்தேகம்தான். ஸ்கூட் ஹெண்டர்சன் இன்னொரு மாதிரி. 2004 பிப்ரவரியில் பிறந்தவர், 2021இல் 17 வயதிலேயே பள்ளியை முடித்துவிட்டார். டிராஃப்டுக்கு இரண்டு வருஷம் இருந்தது, அந்த இரண்டு வருஷத்தையும் அவர் காலேஜில் கழிக்கவில்லை. என்.பி.ஏ.வின் துணை லீக்கான ஜி லீக்கில் இக்னைட் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடினார், 2023இல் போர்ட்லேண்ட் மூன்றாவதாக எடுத்தது. இளையவனாக இருந்து, முன்கூட்டிப் பள்ளியை முடிக்கும் பையன் என்றால் அவனுடைய கணக்கே வேறு என்று புரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் கோச்சுகள் பட்ட பாடு

பழைய கதை கொஞ்சம் தெரிந்தால்தான் இன்றைய கோச்சுகள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று புரியும். 1995இல் கெவின் கார்னெட் சிகாகோவில் பள்ளியை முடித்த கையோடு டிராஃப்டில் ஐந்தாவதாகப் போனார். அடுத்த வருஷம் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ். நமக்கு இந்தப் பெயர்கள்தான் நினைவில் நிற்கின்றன. கோச்சுகளுக்கு நினைவில் நிற்பது 2004. அந்த ஒரு டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் எட்டுப் பள்ளி மாணவர்கள் போனார்கள். ஷான் லிவிங்ஸ்டன் டியூக்குக்கு வருவதாக இருந்தவர், ஜே.ஆர். ஸ்மித் நார்த் கரோலினாவுக்கு, ஜாஷ் ஸ்மித் இண்டியானாவுக்கு, செபாஸ்டியன் டெல்ஃபேர் லூயிவிலுக்கு.

ஒரு கோச்சுக்கு இதில் என்ன நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையனை ஒன்பதாம் வகுப்பில் இருந்து பார்த்து, அவன் ஆடும் கோடைக்கால போட்டிகளுக்கெல்லாம் பறந்து, அம்மாவிடம் பேசி, அவனுக்காக ஒரு ஸ்காலர்ஷிப்பை ஒதுக்கி, அதே இடத்தில் ஆடக்கூடிய மற்ற பையன்களிடம் இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார். இவன் வசந்த காலத்தில் கைவிரிக்கும்போது அந்த மற்ற பையன்கள் எல்லோரும் வேறு காலேஜில் சேர்ந்திருப்பார்கள். ஒரு வீரன் போனது பாதி நஷ்டம்தான், அவனுக்குப் பதிலாக எடுக்க அந்த நேரத்தில் ஆளே கிடைக்காது என்பது மீதிப் பாதி.

பையன்கள் பக்கமும் அடி இருந்தது. கோர்லியோன் யங் 1998இல் பள்ளியில் இருந்து நேரே வந்து நாற்பதாவதாகத் தேர்வானார், என்.பி.ஏ.வில் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டம். காலேஜுக்குத் திரும்பவும் வழியில்லை. ஒரு முறை தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டால் அந்தக் கதவு மூடியதுதான் என்பது அன்றைய சட்டம்.

நடுவில் இருக்கும் வருஷத்துக்கு யார் விலை பேசுகிறார்கள்?

2006க்குப் பிறகு முதல் சில வருஷம் காலேஜ்கள் நிம்மதியாக இருந்தன. கிரெக் ஓடன், கெவின் டூரன்ட் மாதிரி ஆட்கள் ஒரு வருஷம் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். அப்புறம் 2008இல் பிராண்டன் ஜென்னிங்ஸ் அரிசோனா காலேஜை விட்டு இத்தாலிக்குப் போய் ரோம் நகர அணியில் ஆடினார், அடுத்த வருஷம் டிராஃப்டில் பத்தாவதாக மில்வாக்கி எடுத்தது, முதல் சீசனிலேயே ஒரு ஆட்டத்தில் 55 புள்ளி போட்டார். 2014இல் இம்மானுவேல் முடியே எஸ்.எம்.யு. காலேஜை விட்டுச் சீனாவின் குவாங்டாங் அணிக்குப் போனார். 2018இல் டேரியஸ் பேஸ்லி சிராக்யூஸை விட்டுவிட்டு எந்த அணிக்கும் ஆடாமல், நியூ பேலன்ஸ் ஷூ கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தபடி ஒரு வருஷம் பயிற்சி மட்டும் எடுத்தார், அப்படியும் 23ஆவதாகத் தேர்வானார். 2019இல் லமெலோ பால் ஆஸ்திரேலியாவுக்கும் ஆர்.ஜே. ஹாம்ப்டன் நியூசிலாந்துக்கும் போனார்கள்.

இதெல்லாம் வருஷத்துக்கு ஒருவர், இருவர்தான். வேறு நாடு, தெரியாத மொழி, முப்பது வயது ஆண்களோடு ஆட்டம், கோச் உட்கார வைத்தால் பெஞ்சிலேயே கழியும் சீசன். 18 வயதுப் பையனுக்கு எளிதான வழி இல்லை அது, அதனால் கோச்சுகளும் பெரிதாகப் பயப்படவில்லை. என்.பி.ஏ.வே உள்ளூரில் கடை திறந்தபோதுதான் நிலைமை மாறியது. 2018 அக்டோபரில் ஜி லீக்கில் 1,25,000 டாலர் சம்பளத்தில் இப்படிப்பட்ட பையன்களை எடுப்போம் என்று அறிவித்தார்கள், யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 2020இல் தொகையை ஏற்றி, அவர்களுக்கென்றே இக்னைட் என்று தனி அணி அமைத்ததும் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அடுத்த வருஷம் அட்லாண்டாவில் ஓவர்டைம் எலீட் என்ற தனியார் லீக் வந்தது, பள்ளி மாணவர்களுக்கே வருஷத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர். அங்கே ஆடிய இரட்டையர்கள் அமென் தாம்ப்சனும் அசார் தாம்ப்சனும் 2023 டிராஃப்டில் நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் போனார்கள்.

கையெழுத்துப் போட்ட தாளை நம்பாதீர்கள்

2020 ஏப்ரலை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரே மாதத்தில் எல்லாப் பாடமும் இருக்கிறது. ஏப்ரல் 16ஆம் தேதி ஜேலன் கிரீன் இக்னைட்டுக்குப் போவதாக அறிவித்தார். மிச்சிகனுக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஐசாயா டாட் அதே வாரம் அவரோடு சேர்ந்தார். மாதக் கடைசியில் டேஷன் நிக்ஸ். இவர் யு.சி.எல்.ஏ. காலேஜில் சேருவேன் என்று கையெழுத்தே போட்டு முடித்தவர். அந்தக் கையெழுத்து அன்று இன்னொரு காலேஜுக்குத் தாவுவதைத்தான் தடுத்தது, சம்பளத்துக்கு ஆடப் போவதைத் தடுக்க அதற்குச் சக்தி இருக்கவில்லை. கையெழுத்தாகிவிட்டது, இனி நம்ம ஆள் என்று நிம்மதியானவர்களுக்கெல்லாம் அன்றுதான் இது உறைத்தது.

சரி, அந்த இரண்டு அணிகளுக்கும் என்ன ஆயிற்று? 2021 மார்ச்சில் காலேஜ்களுக்கான தேசியப் போட்டியின் கால் இறுதியில் மிச்சிகனும் யு.சி.எல்.ஏ.வும்தான் மோதின. இரண்டுமே ஆளை இக்னைட்டிடம் இழந்த அணிகள். மிச்சிகனின் முக்கிய ஆட்டக்காரர்களில் மைக் ஸ்மித் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தும் ஷான்டி பிரவுன் வேக் ஃபாரஸ்டில் இருந்தும் மாறி வந்தவர்கள். யு.சி.எல்.ஏ. பக்கம் ஜானி ஜூசாங், கென்டக்கியில் ஒரு சீசன் ஆடி ஆட்டத்துக்குச் சராசரி மூன்று புள்ளிகூட எடுக்க முடியாமல் முந்தைய இளவேனிலில்தான் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பிய பையன். அந்த ஆட்டத்தில் யு.சி.எல்.ஏ. எடுத்ததே 51 புள்ளி, அதில் 28 ஜூசாங்குடையது. கடைசி நொடிகளில் மிச்சிகன் எறிந்த மூன்று புள்ளி ஷாட் ஒன்றுகூட உள்ளே விழவில்லை, 51-49. முதன்மைச் சுற்றுக்குள் நுழையவே ஒரு தகுதி ஆட்டம் ஆடி வந்த யு.சி.எல்.ஏ., அரையிறுதியில் கொன்சாகாவிடம் கூடுதல் நேரத்தில் கடைசி நொடி ஷாட்டில் 93-90 என்று தோற்கும் வரை தாக்குப்பிடித்தது.

இக்னைட்டுக்குப் போனவர்களில் கிரீன் டிராஃப்டில் இரண்டாவது, ஜொனாதன் குமிங்கா ஏழாவது. டாட் 31ஆவது. நிக்ஸ் பெயரை யாரும் கூப்பிடவில்லை. முதல் பத்து இடத்தில் போகப்போகிறவன் எந்த வழியில் போனாலும் அங்கேதான் போய்ச் சேர்வான், காலேஜில் ஒரு வருஷம் கூடுதலாக ஆடியிருந்தால் உயர்ந்திருக்கக்கூடிய இருபதாவது, முப்பதாவது இடத்துப் பையன்தான் இந்த ஆட்டத்தில் பணயம் வைக்கிறான் என்பது என் கருத்து.

கோச்சுகளும் அந்த மார்ச்சைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். முதல் பத்து இடத்துப் பையன் பின்னால் மூன்று வருஷம் ஓடுவதைவிட, வேறு காலேஜில் ஆடிப் பழகி இடம் மாற நினைக்கும் இருபது வயதுக்காரனை மூன்று வாரத்தில் பேசி முடிப்பது மேல். இடம் மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்ற பழைய விதியும் 2021 ஏப்ரலில் தளர்ந்தது, 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றே ஆகிவிட்டது.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது

2021க்கு முன் எழுதிய அறிவுரைகளை இன்றைய பட்டியலுக்கு அப்படியே பயன்படுத்தினால் தப்பாகப் போகும். 2021 ஜூலை 1இல் இருந்து காலேஜ் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது, என்.ஐ.எல். என்று சொல்வார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட, காலேஜ் வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு காலேஜே நேரடியாக வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம், 2025-26இல் ஒரு காலேஜ் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சமாக ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. ஆக, இக்னைட் எதைக் காட்டிப் பையன்களை இழுத்ததோ அது இப்போது காலேஜிலேயே கிடைக்கிறது, கூடவே நிரம்பி வழியும் அரங்கமும் டிவி ஒளிபரப்பும். 2023-24 சீசனோடு இக்னைட்டை மூடிவிட்டார்கள். கடைசி வருஷம் டெக்ஸஸுக்கு வரவேண்டிய ரான் ஹாலண்ட் அங்கேதான் ஆடினார், டிராஃப்டில் ஐந்தாவதாகப் போனார்.

இன்னும் ஒரு படி மேலே. ஐரோப்பாவில் ஆடி வளர்ந்தவர்களே இப்போது அமெரிக்கக் காலேஜுக்கு வருகிறார்கள். 2024-25இல் ரியல் மாட்ரிட்டில் வளர்ந்த எகோர் டியோமின் பி.ஒய்.யு.வுக்கும், பார்சிலோனாவில் வளர்ந்த யாகுச்சோனிஸ் இலினாய்க்கும் வந்து ஆடி, இருவருமே டிராஃப்டில் முதல் சுற்றில் போனார்கள். ஜென்னிங்ஸ் போன பாதையில் பையன்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள்.

அதனால் உங்கள் அணியின் ஐந்து நட்சத்திரப் பையன் வெளிநாட்டுக்குப் போய்விடுவானோ என்ற பயம் இன்றைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பயப்பட வேண்டியது வேறு காலேஜ்களுக்கு. 1964இல் இருந்து இருந்த அந்தக் கையெழுத்துத் தாள் முறையையே 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள், இப்போது பண உதவி ஒப்பந்தமும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தமும்தான் கட்டிப்போடுகின்றன. கோச் மாறினால் எல்லாம் மாறும். 2024இல் ஜான் காலிபாரி கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனபோது, கென்டக்கிக்கு வர ஒப்புக்கொண்டிருந்த பூகி ஃப்ளாண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்ட் மூவரும் அவர் பின்னாலேயே ஆர்கன்சாவுக்குப் போனார்கள். ஆகவே பையனைப் பற்றித் தேடும் அளவுக்குக் கோச்சின் வேலை எவ்வளவு உறுதி என்றும் தேடுங்கள்.

படிப்பையும் ஒரு கண் பாருங்கள். முதல் டிவிஷன் காலேஜில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்து அவற்றில் நான்குக்கு 2.3 சராசரியாவது எடுத்திருக்க வேண்டும். அடிக்கடி பள்ளி மாறிய பையன் என்றால் இந்தக் கணக்கு இடிக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியலில் இருந்து அணியைக் கணிப்பது

பையன் வந்தே சேர்ந்தாலும் ஜெயித்துவிடுவோம் என்று அர்த்தமில்லை. 2024-25இல் ரட்கர்ஸ் அணியில் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பேர், இருவருமே டிராஃப்டில் முதல் ஐந்துக்குள் போனவர்கள், அணியோ 15 வெற்றி 17 தோல்வி, தேசியப் போட்டிக்குள்ளேயே நுழையவில்லை. அதே வருஷம் ஃப்ளாக் இருந்த டியூக் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. கோப்பையை எடுத்த ஃப்ளோரிடாவில் முதலில் இறங்கிய, பந்தை நடத்தும் கார்டு இடத்து ஆட்டக்காரர்களைப் பாருங்கள்: வால்டர் கிளேட்டன் அயோனாவில் இருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கில் இருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டில் இருந்து. மூன்று பேருமே கடைசி வருஷ மாணவர்கள், மூன்று பேருமே சின்ன காலேஜில் ஆரம்பித்து இடம் மாறி வந்தவர்கள். நம் நேரத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடிகாலை அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹூஸ்டன் 12 புள்ளி முன்னால் போனபோதும் அந்த மூவரிடமும் பதற்றமே இல்லை.

எனக்கு மனசு கனப்பது இன்னொரு விஷயத்துக்காக. காலேஜைத் தாண்டிப் போனவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர், அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அணியில் 15 இடம், அதில் பாதிக்குமேல் இருபத்திரண்டு வயது ஆட்களை எடுத்து நிரப்பினால் எண்பதாவது, இருநூறாவது இடத்தில் இருக்கும் பள்ளிப் பையனுக்கு எங்கே இடம்? முன்பு அவனைப் பெரிய காலேஜ் கூப்பிட்டு, இரண்டு வருஷம் பெஞ்சில் உட்காரவைத்து வளர்க்கும். இன்று அதே கோச், எங்கேயாவது சின்ன இடத்தில் ஆடிக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்கிறார். ஜூசாங் மாதிரி ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்த அதே கதவுதான் இந்தப் பையன்களுக்கு முதல் வாய்ப்பையே சுருக்குகிறது. பட்டியலைப் படிக்கும்போது முதல் பத்துப் பேரோடு நிறுத்தாமல், கீழே இருப்பவர்களில் யாருக்கு எந்தக் காலேஜ் இடம் கொடுத்தது என்றும் பாருங்கள். பள்ளிப் பையன்களை எடுத்து வளர்க்கும் பழக்கத்தை இன்னும் விடாத கோச்சுகள் யார் என்பது அங்கேதான் தெரியும்.

வேலையாகச் செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். நவம்பரில் பெயரையும் பிறந்த தேதியையும் கோச்சின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்குமேல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். மார்ச் கடைசியில் கோச் மாற்றங்களைப் பார்த்து அடிக்க வேண்டியதை அடியுங்கள். ஏப்ரலில், காலேஜ் மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் போர்ட்டலில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று சேருங்கள், அதிலும் புதிதாக வரும் பையன் ஆடும் அதே இடத்தில் ஒரு பெரிய ஆள் வந்து சேர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், ஒன்று அவனுக்கு ஆட்ட நேரம் குறையும், இல்லாவிட்டால் அவனே கிளம்புவான். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காலேஜுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குக் கடைசித் தேதி பொதுவாக மே மாதக் கடைசியில் வரும், 2025இல் அது மே 28. அந்தத் தேதி கடந்த மறுநாள் காலையில் தாளை எடுத்து, மீதமிருக்கும் பெயர்களை வைத்து முதல் ஐந்து பேரை எழுதிப் பாருங்கள்.